ஆப்டோமெட்ரிஸ்ட் என்றால் கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவர்தானா?

கேள்வி இதுதான்: மகள் சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் (பாலிடெக்னிக்) ஆப்டோமெட்ரி எடுக்கப் பார்க்கிறாள். கண்ணாடிக் கடைக்குப் போனால் மெஷினே இரண்டு நிமிடத்தில் பவரைச் சொல்லிவிடுகிறது. அப்படியிருக்க மூன்று ஆண்டு படிக்க இதில் என்ன இருக்கிறது? என்ன திறமை வேண்டும்? கடைசியில் விற்பனை வேலைதானே?

மெஷினிலிருந்தே தொடங்குகிறேன். ஆட்டோரெஃப்ராக்டோமீட்டர் என்ற அந்த மெஷின் தருகிற எண் ஒரு தொடக்கம் மட்டும்தான். நாற்பது வயதைத் தாண்டியவரிடம் அது பெரும்பாலும் கால், அரை டயாப்டருக்குள் (டயாப்டர் என்பது லென்ஸ் பவரின் அலகு) சரியாகவே இருக்கும். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அந்த நம்பிக்கை கூடாது. மெஷினுக்குள் தெரியும் பலூன் படம் தொலைவில் இருப்பதுபோல் அமைக்கப்பட்டிருந்தாலும், முகத்தை ஒட்டி ஒரு பெட்டி இருப்பதால் பிள்ளையின் கண் பக்கத்துப் பொருளைப் பார்ப்பதுபோலக் குவியத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். உண்மையில் −0.75 உள்ள கண்ணுக்கு −1.75 என்று சீட்டு வரும். நம் சிங்கப்பூர்ப் பேச்சில் சொன்னால் எழுபத்தைந்து டிகிரிக்குப் பதில் நூற்று எழுபத்தைந்து டிகிரி. அதை அப்படியே கண்ணாடியாக வெட்டிக் கொடுத்தால் பிள்ளைக்குத் தூரம் பளிச்சென்று தெரியும், அம்மாவும் திருப்தியாகப் போய்விடுவார். ஆனால் புத்தகம் பார்க்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தக் கண் தேவையில்லாத ஒரு டயாப்டரைச் சேர்த்துச் சுமக்கும். எந்த எண்ணைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் விடுவது, எப்போது கண்ணாடியே கொடுக்காமல் மருத்துவரிடம் அனுப்புவது என்ற முடிவுதான் ஆப்டோமெட்ரிஸ்டின் வேலை. மூன்று ஆண்டும் அதற்குத்தான் போகிறது.

மெஷினைச் சரிபார்க்க முதலில் கைக்கு வரவேண்டியது ரெட்டினோஸ்கோப். சிறிய கைவிளக்குப் போன்ற கருவி. அறை விளக்கைக் குறைத்து, 6 மீட்டரில் உள்ள பெரிய எழுத்தையோ கார்ட்டூனையோ பிள்ளையைப் பார்க்கச் சொல்லி, கண்மணிக்குள் ஒளிக்கீற்றை இட வலமாக அசைக்க வேண்டும். உள்ளிருந்து திரும்பும் செந்நிற ஒளி கீற்றோடு சேர்ந்து நகர்ந்தால் பிளஸ் லென்ஸ் வைக்க வேண்டும், எதிர்த்து நகர்ந்தால் மைனஸ். அசைவே தெரியாமல் கண்மணி முழுதும் ஒரே நேரத்தில் ஒளிர்கிற இடம் நியூட்ரல். 67 செ.மீ. தூரத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் கிடைத்த எண்ணிலிருந்து 1.50 கழிக்க வேண்டும், 50 செ.மீ. என்றால் 2.00. +0.75 லென்ஸில் அசைவு நின்றது என்றால், 67 செ.மீ. கணக்கில் அந்தக் கண்ணின் பவர் −0.75.

படிக்க எளிது, செய்யும்போதுதான் தடுமாறும். கவனம் கூடக்கூட உடம்பு தன்னை அறியாமல் முன்னால் சாயும். 67 செ.மீ. 50 ஆகிவிட்டால் கணக்கில் அரை டயாப்டர் பிசகும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இல்லாத சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் வேண்டிய பவர்) முளைக்கும். வலது கண்ணை வலது கண்ணாலும் இடது கண்ணை இடது கண்ணாலும் பார்க்கப் பழகாவிட்டால், பார்க்கிறவரின் தலையே தூரப் படத்தை மறைத்துவிடும். பிள்ளை படத்தை விட்டு விளக்கைப் பார்த்த கணமே எண் மாறும். அந்தக் கணத்தைப் பிடிப்பதுதான் தேர்ச்சி. அது நூற்றுக்கணக்கான கண்களைப் பார்த்த பிறகே வரும். இன்னும் சந்தேகம் என்றால், மருத்துவமனையில் மருத்துவரின் உத்தரவுப்படி சைக்ளோபென்டோலேட் சொட்டு இட்டு, குவியத் தசை தளர அரை மணி நேரம் போலக் காத்திருந்து மறுபடி பார்ப்பார்கள். சாதாரணக் கடையில் அந்த வசதி கிடையாது. ஆகவே அங்கே ரெட்டினோஸ்கோப் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வித்தியாசம் அதிகம்.

அடுத்தது, நோயாளியின் வாயிலிருந்து பதில் வாங்கும் பகுதி. பலர் இதை இயந்திர வேலை என்று நினைக்கிறார்கள். என் கணக்கில் இந்தத் தொழிலின் மிகக் கடினமான பகுதி இதுதான்.

ஒரு கண்ணை மறைத்து, திறந்த கண்ணுக்கு முன் +1.00 கூடுதலாக வைத்து மங்கலாக்கிவிட்டு, கால் கால் டயாப்டராகக் குறைத்து வரவேண்டும். ஒவ்வொரு காலுக்கும் ஏறக்குறைய ஒரு வரி கூடுதலாகப் படிக்க வேண்டும். வரி கூடாமல் எழுத்து ‘நல்லாக் கறுப்பா, சின்னதா’ தெரிகிறது என்று சொன்னால் அங்கேயே நிறுத்த வேண்டும். அதற்கு மேல் கொடுக்கிற மைனஸ் எல்லாம் வீண் சுமை. “எது நல்லா இருக்கு?” என்று கேட்டால் பெரும்பாலோர் கறுப்பாகத் தெரிவதைத்தான் சொல்வார்கள். “எதுல இன்னொரு எழுத்து கூடுதலா படிக்க முடியுது அங்கிள்?” என்று கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

நம் பெரியவர்களிடம் இன்னொரு சங்கடம் உண்டு. சோதிக்கிற பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று, “ரெண்டுமே நல்லாத்தான் இருக்கும்மா” என்பார்கள். கருத்துக் கேட்பதை விட்டுவிட்டு வரியைப் படிக்கச் சொல்வது ஒரு வழி. வேண்டுமென்றே தவறான லென்ஸ் ஒன்றை வைத்து அதற்கும் “நல்லா இருக்கு” என்கிறாரா என்று பார்ப்பது இன்னொரு வழி. அதற்கும் தலையாட்டினால் அவருடைய பதிலை விட ரெட்டினோஸ்கோப்பை நம்ப வேண்டும். ஆங்கில எழுத்துத் தெரியாத பாட்டிக்கு நான்கு திசையும் திரும்பியிருக்கும் ஈ வடிவ அட்டையைக் காட்டி, கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று கையால் காட்டச் சொல்லலாம். பக்கத்தில் படிப்பதைச் சோதிக்க ஆங்கில அட்டையை நீட்டுவதை விட, அவர் கையிலேயே இருக்கும் தமிழ் முரசு நாளிதழைப் படிக்கச் சொல்வது உண்மை நிலையைச் சொல்லும். சிங்கப்பூரில் தமிழும் ஆங்கிலமும் மட்டும் போதாது. ‘மேலே பாருங்கள், கீழே பாருங்கள், இமைக்காதீர்கள்’ என்ற மூன்றையாவது மலாயிலும் மாண்டரினிலும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

சிலிண்டருக்கு கிராஸ் சிலிண்டர் என்ற சோதனை லென்ஸைப் புரட்டி முதலில் ஆக்சிஸ் (சிலிண்டர் நிற்கும் திசை), பிறகு பவர். வரிசை மாறினால் முடிவும் மாறும். சிலிண்டரை −0.50 கூட்டினால் ஸ்ஃபியரில் (எல்லாத் திசைக்கும் பொதுவான பவர்) +0.25 சேர்த்துச் சமன் செய்ய வேண்டும். புதிதாக வருபவர்கள் இதைத்தான் அடிக்கடி மறக்கிறார்கள். ஆக்சிஸ் எவ்வளவு துல்லியமாக இருக்கவேண்டும் என்பது சிலிண்டரைப் பொறுத்தது. −0.50 சிலிண்டரில் 5 பாகை பிசகினால் யாருக்கும் தெரியாது. −2.00 சிலிண்டரில் அதே 5 பாகை ஏறக்குறைய 0.35 டயாப்டர் பிழையை விட்டுவைக்கும். 30 பாகை பிசகினால் சிலிண்டரின் அளவுக்கே புதிய பிழை கிளம்பும். அந்தக் கண்ணாடியைப் போடுவதும் போடாமலிருப்பதும் ஒன்றுதான். கடைசியில் சிவப்பு பச்சைச் சோதனை. சிவப்புப் பக்கம் தெளிவென்றால் கொஞ்சம் மைனஸ் சேர்க்கலாம், பச்சை என்றால் மைனஸ் கூடிவிட்டது. ஆனால் கண்புரையால் லென்ஸ் மஞ்சளித்த முதியவர் எப்போதும் சிவப்பையே சொல்வார். அவரிடம் இந்தச் சோதனையை நம்பி மைனஸை ஏற்றிக்கொண்டே போகக்கூடாது.

இத்தனைக்கும் பிறகு கிடைப்பது சரியான எண். சரியான கண்ணாடி வேறு விஷயம். எழுபது வயதுத் தாத்தா பத்து வருடமாகச் சிலிண்டர் இல்லாத கண்ணாடி போட்டிருக்கிறார், இப்போது −1.75 சிலிண்டர் சாய்ந்த ஆக்சிஸில் வருகிறது என்றால், முழுவதையும் ஒரே அடியாகக் கொடுத்தால் தரை சரிந்து தெரியும், புளோக்குக் கீழே படியில் கால் தவறும். பாதியைக் கொடுத்து, சில மாதம் கழித்து மீதியைக் கொடுப்பதுதான் விவேகம். வெள்ளெழுத்துக்கு வயதை மட்டும் வைத்து ‘ஐம்பது வயசா, +1.75’ என்று எழுதுவதும் அப்படித்தான். சிராங்கூன் சாலை நகைக்கடையில் கல் பதிப்பவர் 30 செ.மீ. தூரத்தில் வேலை செய்வார், அவர் கண்ணுக்கு 3.33 டயாப்டர் தேவை. கணினி முன் இருப்பவருக்கு 60 செ.மீ., 1.67 போதும். பேருந்து ஓட்டுநருக்கு முன்னால் உள்ள மீட்டர் பலகை அதைவிடத் தள்ளி இருக்கும். “என்ன வேலை செய்றீங்க, எவ்வளவு தூரத்துல வச்சுப் பாக்குறீங்க?” என்று கேட்டு, கையை நீட்டிக் காட்டச் சொல்லி டேப்பால் அளப்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். இதைக் கேட்காமல் செய்த புரோகிரசிவ் (தூரமும் பக்கமும் ஒரே லென்ஸில் தெரியும்) கண்ணாடிகள்தான் மேசை இழுப்பறைக்குள் தூங்குகின்றன.

சில சமயம் கண்ணாடியே செய்யக்கூடாது. போன வருடம் +1.00 இருந்தவருக்குத் திடீரென்று −1.50 என்றால், முதலில் கேட்க வேண்டியது இனிப்புநீர் இருக்கிறதா என்று. இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸும் மாறும். சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரம் நிலைத்த பிறகு பார்த்தால் பவர் பழைய இடத்துக்கே திரும்பியிருக்கலாம். சிங்கப்பூரில் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதால், தமிழர்கள் அதிகம் வரும் கடையில் இந்தக் கேள்வி அனிச்சையாக வரவேண்டும். பலதுறை மருந்தகத்தில் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரைப் படம் எடுத்தாயிற்றா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். “அம்மாவுக்கு இப்ப கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்க முடியுது” என்று பிள்ளைகள் மகிழ்ச்சியாகச் சொல்வதும் எச்சரிக்கைதான். லென்ஸின் நடுப்பகுதி இறுகும் வகைக் கண்புரை கண்ணை மைனஸ் பக்கம் தள்ளுவதால் வரும் தற்காலிக வசதி அது.

இங்கிருந்துதான் இந்தத் தொழில் கண்ணாடிக் கடையைத் தாண்டுகிறது. ஸ்லிட் லாம்ப் என்ற விளக்கு பொருத்திய நுண்ணோக்கியில் கருவிழியையும் (கார்னியா) அதன் பின்னால் உள்ள இடைவெளியையும் பார்க்க வேண்டும். விளிம்புக்கருகில் அந்த இடைவெளி கருவிழியின் தடிமனில் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவு என்றால், கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் கோணம் குறுகலாக இருக்கலாம். கண்மணியை விரிக்கிற சொட்டு அந்தக் கண்ணில் ஆபத்தாக முடியலாம். கண் அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை சாதாரணம் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் கருவிழி மெல்லியதாக இருந்தால் கருவி குறைத்துக் காட்டும், 16 என்று வந்துவிட்டால் கண் அழுத்த நோய் இல்லை என்று அர்த்தமில்லை. பார்வை நரம்பின் குழி, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, ஸ்டீராய்டு சொட்டு நீண்டநாள் போட்டாரா என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

எது அவசரம், எது அல்ல என்பதில் மட்டும் தவறுக்கு இடமில்லை. கண்ணில் மின்னல் வெட்டுகிறது, கரும்பூச்சிகள் திடீரென்று கூட்டமாகப் பறக்கின்றன, ஓரத்திலிருந்து திரை இறங்குகிறது என்றால் விழித்திரை பிரிகிறது என்று கருதி அன்றைக்கே அனுப்ப வேண்டும், ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்பது கிடையாது. கண் சிவந்து, கடும் வலி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், வாந்தி என்றால் கோணம் அடைத்துக்கொண்டிருக்கலாம், அதுவும் அன்றைக்கே. இந்த நோயாளி சிலசமயம் ஒற்றைத் தலைவலி என்றோ வயிற்றுக் கோளாறு என்றோ நினைத்து வேறெங்கோ அலைந்துவிட்டுத்தான் வருவார். இமை தொங்கி, இரண்டிரண்டாகத் தெரிந்து, ஒரு கண்மணி மட்டும் விரிந்திருந்தால் மூளை இரத்தக்குழாய் வரை யோசிக்க வேண்டும். இவை எல்லாம் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியவை. அவசரமில்லாத கண்புரைக்கு வழி வேறு. மானியக் கட்டணம் வேண்டுமானால் பெரும்பாலும் பலதுறை மருந்தகம் வழியாகத்தான் நிபுணரிடம் போகவேண்டும். இதை நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, கண்டதைத் தெளிவாக எழுதிய கடிதத்தைக் கையில் கொடுப்பதும் வேலையில் சேர்த்திதான். ‘கண் பரிசோதிக்கவும்’ என்று ஒரு வரி எழுதுவது கடிதமாகாது. பார்வை எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, எந்தக் கருவியில் எத்தனை மணிக்கு, எதைச் சந்தேகிக்கிறீர்கள், எத்தனை நாளுக்குள் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் இருக்க வேண்டும்.

கிட்டப்பார்வை சிங்கப்பூரின் தலைவலி என்பது தெரிந்ததுதான். சுகாதார மேம்பாட்டு வாரியம் 2001 முதல் இதற்கென்றே தேசியத் திட்டம் நடத்துகிறது, பள்ளியிலேயே கண் சோதனையும் நடக்கிறது. இதில் ஆப்டோமெட்ரிஸ்டின் பங்கு இப்போது வெகுவாக மாறிவிட்டது. முன்பு பவர் ஏறியிருந்தால் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தால் முடிந்தது. இப்போது கண்ணின் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது எவ்வளவு வளர்கிறது என்று கோடு போட்டுப் பார்க்கிறார்கள். 1 மி.மீ. வளர்ந்தால் ஏறக்குறைய 2.50 முதல் 3.00 டயாப்டர் வரை ஏறும். பவரை விட நீளம் நம்பகமானது, பிள்ளை குவியத்தை இழுத்துப் பிடித்தாலும் கண்ணின் நீளம் மாறாது.

வேகத்தைக் குறைக்க வழிகள் சில உண்டு. ஓரத்தில் நுண்லென்ஸ் பதித்த கண்ணாடி, நடுவும் வளையமும் வேறு பவர் கொண்ட ஒருநாள் கான்டாக்ட் லென்ஸ், இரவில் போட்டுக் காலையில் கழற்றும் ஆர்த்தோ கே லென்ஸ், பிறகு அட்ரோபின் சொட்டு. கடைசியாகச் சொன்னது மருந்து, அதை எழுதுவது மருத்துவர். குறைந்த அளவு அட்ரோபின் உலகம் முழுக்கப் பேசப்படக் காரணமே இங்கு நடந்த ஆய்வுகள்தான். 2006இல் 1% சொட்டு வேலை செய்கிறது என்று வந்தது, 2012இல் 0.01% கூடக் குறைவான பக்கவிளைவோடு பயன் தருகிறது என்று வந்தது. பின்னர் ஹாங்காங் ஆய்வில் 0.05% அதைவிட நன்றாகச் செய்தது. ஹாங்காங்கிலேயே நுண்லென்ஸ் பதித்த ஒருவகைக் கண்ணாடியை இரண்டாண்டு சோதித்தபோது பவர் ஏறும் வேகம் 52% குறைந்தது. இந்த எண்களைப் பெற்றோரிடம் சரியாகச் சொல்வதும் ஒரு திறமை. 52% என்றதும் ‘பவர் பாதியாகக் குறையும்’ என்று புரிந்துகொள்கிறார்கள். ஏறின பவர் இறங்காது, ஏறுகிற வேகம்தான் குறையும். தினம் இரண்டு மணி நேரம் வெளியே விளையாட விடுவது காசில்லாத வழி. டியூஷன் அட்டவணையைப் பார்த்தால் அதுதான் எல்லாவற்றையும் விடக் கடினமாக இருக்கிறது.

கான்டாக்ட் லென்ஸ் தனிக் கலை. 12 மி.மீ. தள்ளி நிற்கும் கண்ணாடியில் −10.00 என்றால் கருவிழி மேல் உட்காரும் லென்ஸில் −9.00 போதும். இதைக் கணக்கிடாமல் கண்ணாடிப் பவரையே கொடுத்தால் ஒரு டயாப்டர் அதிகம். லென்ஸ் இமைக்கும்போது சற்றே நகர வேண்டும். நகராமல் இறுகிப் பிடித்தால் கண்ணீர் மாறாது. கழற்றிய பிறகு ஃபுளோரசின் சாயம் இட்டு நீல ஒளியில் பார்க்க வேண்டும், கருவிழியில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தால் எங்கே, ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். 2005-06இல் சிங்கப்பூரில் லென்ஸ் அணிபவர்களிடையே ஃபியுசேரியம் பூஞ்சைத் தொற்று பரவியது. மருத்துவ இதழில் பதிவான நோயாளிகள் மட்டும் 66 பேர். பலருக்குப் பழக்கமும் சரியில்லை. லென்ஸைக் கழற்றாமல் தூங்குவது, பெட்டியில் பழைய கரைசல் மேலேயே புதியதை ஊற்றுவது, குழாய் நீரில் கழுவுவது என்று பல. ஆகவே லென்ஸ் கொடுப்பதில் பாதி, நோயாளி தானே போட்டுக் கழற்றிக் காட்டும்வரை உட்கார்ந்து கற்றுக்கொடுப்பது. தேசிய சேவைக்குப் போகும் பையன்கள் லென்ஸ் கேட்டு வருவார்கள். காட்டுப் பயிற்சியில் மண்ணும் வியர்வையும் கழுவாத கையும் இருக்கும், அந்த நாட்களுக்குக் கண்ணாடியே மேல் என்று நேராகச் சொல்லிவிட வேண்டும்.

ஃபிரேமுக்குள் லென்ஸைச் சரியான இடத்தில் வைப்பது சின்ன வேலைபோல் தெரியும். எண்ணூறு டிகிரிக்காரருக்குக் கண்மணி இடைவெளி 60 மி.மீ. இருக்க, 66 என்று அளந்துவிட்டால் ஒவ்வொரு கண்ணிலும் மையம் 3 மி.மீ. விலகும். 0.3 செ.மீ.யை 8.00ஆல் பெருக்கினால் கண்ணுக்கு 2.4 பிரிசம் (ஒளியை ஒரு பக்கம் திருப்பும் அளவு). இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 4.8. கண்கள் வெளிப்பக்கம் விலகிப் பார்க்க வேண்டிய கட்டாயம் வரும். மனிதக் கண்ணுக்கு உள்ளே குவிவது எளிது, வெளியே விலகுவது மிகக் கடினம். தலைவலி, இரட்டைப் பார்வை எல்லாம் அதிலிருந்து வரும். உயரத்தில் பிசகு இன்னும் மோசம். இரண்டு கண்ணுக்கும் நடுவே 2 மி.மீ. உயர வித்தியாசம் இருந்தாலே 1.6 செங்குத்துப் பிரிசம், பெரும்பாலோரால் தாங்க முடியாது. ‘புதுக் கண்ணாடி ஒத்துக்கலை, பழகிடும்னு சொன்னாங்க’ என்று யாராவது சொன்னால், பழகச் சொல்வதற்கு முன் லென்ஸின் பவரை அளக்கும் லென்ஸோமீட்டரில் வைத்து மையத்தைப் புள்ளியிட்டுப் பார்ப்பதுதான் முறை. புரோகிரசிவ் என்றால் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக இடைவெளியும் உயரமும், அந்த ஃபிரேம் அவர் மூக்கில் சரியாக உட்கார்ந்த பிறகே அளக்க வேண்டும். ஃபிரேமைச் சரிசெய்யும் முன்பே குறித்துவிட்டுப் பிறகு மூக்குத் தாங்கியை வளைத்தால் எல்லாம் மாறிவிடும்.

இனி ‘விற்பனைதானே’ என்ற கேள்விக்கு. கடைத்தொகுதியில் இருக்கும் வேலையில் விற்பனை இருக்கிறது, மறைத்துப் பயனில்லை. வார இறுதியில் வேலை, இரவு ஒன்பதுக்கு மேல் கடை அடைப்பு, நாள் முழுக்க நின்றபடி. சில இடங்களில் மாத இலக்கும் உண்டு. நீல ஒளியைத் தடுக்கும் பூச்சைச் சேர்த்து விற்கச் சொல்வார்கள். கணினிக் கண் சோர்வுக்கு அதனால் குறுகிய காலத்தில் பயன் தெரியவில்லை என்று 2023இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. வாடிக்கையாளர் கேட்டால் அதைச் சொல்லும் துணிவு வேண்டும். அந்தத் துணிவை நிர்வாகம் விரும்புகிறதா என்பதை வேலையில் சேரும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. கடை மட்டுமே களமும் அல்ல. சிங்கப்பூர் தேசிய கண் நிலையம், தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, டான் டொக் செங் மருத்துவமனை போன்ற இடங்களில் பார்வைப் புலச் சோதனை, ஓசிடி என்ற விழித்திரை ஸ்கேன், கண்புரை அறுவைக்கு முன் அளவெடுப்பு, நிலையாக இருக்கும் நோயாளிகளைக் கண்காணிப்பது என்று வேலை முழுக்க மருத்துவப் பக்கமே இருக்கும். நேரம் ஒழுங்கு, விற்பனை கிடையாது. ஆனால் ஒரே சோதனையை நாள் முழுக்கச் செய்கிற சலிப்பு சிலருக்கு வரும். பல பரிசோதனைகளையும் ஒருவரே முழுதாகச் செய்யும் வாய்ப்பு நல்ல கடையில்தான் அதிகம் என்பது என் கருத்து. இதை மறுப்பவர்களும் உண்டு.

சட்டப் பக்கம் சுருக்கமாக. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆப்டோமெட்ரிஸ்ட், ஆப்டிஷியன் இருவரும் இத்தொழிலுக்கென உள்ள வாரியத்தில் பதிவு செய்து, நடப்புத் தொழிற்சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. கண்ணின் ஆரோக்கியத்தைச் சோதிப்பது ஆப்டோமெட்ரிஸ்டின் பயிற்சி, ஆப்டிஷியனின் எல்லை அதைவிடக் குறுகியது. சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரி, நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி இரண்டிலும் மூன்றாண்டு டிப்ளோமா இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆப்டோமெட்ரி பட்டம் படித்துவிட்டு இங்கே வர நினைப்பவர்கள், பட்டத்தை வாரியம் எப்படி மதிப்பிடும் என்பதை எழுத்தில் தெரிந்துகொண்டு பிறகே வேலைக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டும்.

மகளுக்குப் பொருந்துமா என்று பார்க்க மதிப்பெண்ணை விட உதவும் சில விஷயங்கள்: ஒரே கேள்வியை நாளுக்கு நூறு முறை முகம் சுளிக்காமல் கேட்க முடியுமா, முன்பின் தெரியாதவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கூச்சமில்லாமல் உட்கார முடியுமா, இமையைப் புரட்டும்போது கை நடுங்காமல் இருக்குமா, பின்னமும் பிளஸ் மைனஸும் மனக்கணக்காக ஓடுமா. இரண்டு கல்லூரிகளிலும் பொதுமக்களுக்கான பரிசோதனை நிலையம் இருக்கிறது. மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் கண் பார்ப்பார்கள். கடையில் பார்ப்பதைவிட மிக மெதுவாகப் போகும், ஒவ்வொரு படியையும் ஆசிரியர் வந்து திருப்பிச் சரிபார்ப்பார். நேரம் குறித்துக்கொண்டு மகளையே அந்த நாற்காலியில் உட்கார வையுங்கள். ரெட்டினோஸ்கோப் பிடித்திருக்கும் இரண்டாம் ஆண்டு மாணவியிடம் என்ன செய்கிறாய் என்று கேட்கட்டும்.